வள்ளம் ஓட்டியவருக்கு மலை ஏரி விளையாட்டா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு குடும்பங்கள், பிள்ளைகள் நான்கு பேர், எழுபது வயதைத் தாண்டிய தகப்பனார். மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் நேரம் இருக்கிறது. மலையில் ஏதாவது ஓர் அணைக்கட்டுக்குப் போய்ப் படகில் சுற்றி, ஓர் இரவு கூடாரத்தில் தங்கிவர ஆசை. எங்கே போகலாம், எப்போது போகலாம், என்ன எடுத்துப்போக வேண்டும் என்கிறார். கடைசியில் ஒரு வரி: "நாங்கள் கடலில் பிறந்து வளர்ந்தவர்கள், ஏரிப் படகு எங்களுக்கு விளையாட்டுத்தானே?"

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் பயண ஏற்பாடு, யாரைக் கேட்டாலும் பாதி சொல்லிவிடுவார்கள். இந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கும்.

என் பெரியப்பா பாம்பனில் நாற்பது ஆண்டுகள் வள்ளம் ஓட்டியவர். சில ஆண்டுகளுக்கு முன் அவரைத் தேக்கடிக்கு அழைத்துப் போனேன். படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "குளத்துக்கு எதற்கு இது?" என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். போட்டால்தான் ஏற்றுவேன் என்று அங்கே நின்ற பையன் சொல்லிவிட்டான். முணுமுணுத்தபடி மாட்டிக்கொண்டார். ஆனால் படகில் கால் வைப்பதற்கு முன் பக்கவாட்டில் போய் நின்று, தண்ணீர்க்கோடு எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். இரண்டு தட்டுப் படகு. மேல்தட்டில் கூட்டம். "மேலே இத்தனை பேர் உட்கார்ந்தால் அடிக்கனம் எங்கே இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கீழ்த்தட்டில் நடுவில் போய் உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் வலப்பக்கக் கரையில் யானைகள் தெரிந்தன. இடப்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள், படகுக்காரர் உட்காரச் சொல்லிக் கத்தினார். எழுந்து ஓடப் பார்த்த என் மகனின் சட்டையைப் பெரியப்பா பின்னாலிருந்து பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். "யானை எங்கேயும் போகாது" என்றார்.

அவருக்கு அப்போது தெரியாது, நானும் சொல்லவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் இரண்டு தட்டுப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையிலிருந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்ததாகத்தான் செய்தி வந்தது. அலை இல்லை, புயல் இல்லை. லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்று கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். வள்ளத்தில் ஐஸும் வலையும் மீனும் அடியில் கிடக்கும். ஆட்கள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லாமலே தெரியும். சுற்றுலாப் படகில் கனம் முழுவதும் மனிதர்கள், அந்தக் கனத்துக்குக் கால் இருக்கிறது. படகில் ஏறும்போது பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: என்ன தெரிந்தாலும் எழக்கூடாது.

இனி தண்ணீரைப் பற்றி. கடல்நீரில் உப்பு இருப்பதால் நன்னீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் அதிகம். அதனால்தான் கடல் நம்மைத் தூக்கிக் காட்டுகிறது. அதே ஆள் நன்னீரில் இறங்கினால் உடம்பு தாழும். கடலில் அலட்டாமல் மிதக்கிற பையன் ஏரியில் சீக்கிரமே கை சோர்வான். அடுத்தது கரை. நம் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். மலை அணைக்கட்டு அப்படியல்ல. அது தண்ணீரில் மூழ்கிப்போன பள்ளத்தாக்கு. கரை என்று நாம் நினைத்து நிற்பது ஒரு மலைச்சரிவின் நடு. இரண்டடி எடுத்து வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் ஆள் மூழ்கும். வெயில்காலத்தில் நீர்மட்டம் இறங்கிய பிறகு வெளியே தெரிகிற சேறு மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் கூழாக இருக்கும். முழங்கால்வரை புதைந்த ஒருவரை இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். குளிரும் வேறு. மேல்நீர் வெயிலில் இதமாக இருக்கும், கீழே போகப்போகக் காலைப் பிடித்து இழுக்கிற குளிர். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே மூச்சு முட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் அணைக்கட்டுகளில் குளிக்கத் தடை என்று பலகை இருந்தால் அதை மதியுங்கள், நீந்தத் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே மதியுங்கள்.

காற்றுக்கும் நம் கணக்கு அங்கே செல்லாது. நம் கடலில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் என்றால் கச்சான், வடக்கிலிருந்து வரும் வாடை என்றால் வாடை, அடிக்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் ஒரே திசை. மலை ஏரியில் காற்று பள்ளத்தாக்கின் வளைவுக்கு ஏற்பத் திரும்பும். காலையில் கண்ணாடியாகக் கிடக்கிற நீர் பிற்பகல் மூன்று மணிக்கு மேகம் இறங்கியதும் சிலுசிலுவென்று கலையும். பரிசலோ துடுப்புப் படகோ எடுப்பதாக இருந்தால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தேக்கடி ஏரியில் நீருக்கு மேலே கரிய மரக்கட்டைகள் நட்டுவைத்ததுபோல் நிற்கும். படங்களில் பார்த்திருப்பீர்கள், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அவை 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள். நீருக்கடியில் காற்றுப் படாததால் நூற்றாண்டு கடந்தும் உளுத்துப்போகவில்லை. பெரியப்பா அவற்றைப் பார்த்ததும் "பார் கிடக்கிறது" என்றார். நீருக்கடியில் மறைந்து கிடக்கும் பாறைத்திட்டைத்தான் நாங்கள் பார் என்போம். சரியான சொல். குருசடைத் தீவுப் பக்கம் பார் தெரியாமல் வள்ளத்தை விட்டால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். கோடையில் கட்டைகள் வெளியே தெரியும், மழைக்குப் பிறகு ஒரு முழம் நீருக்கடியில் ஒளிந்திருக்கும். வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் எந்த மலை அணையிலும் படகைத் தனியாக எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, உங்களுக்கு நான் சொல்லப்போகும் இடம் அந்தத் தேக்கடிதான். ஏன் என்றால் அது நம் தண்ணீர். சும்மா உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. பெரியாற்று நீரை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பலாம் என்று 1789-இல் முதன்முதலாக ஆராய்ந்து பார்த்தவர் சேதுபதி மன்னரின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை. ராமநாதபுரத்துக்காரர்கள்தான் அந்த யோசனைக்கு முதல் சொந்தக்காரர்கள். செலவு கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள். கர்னல் பென்னிகுவிக் 1887-இல் அணை வேலையைத் தொடங்கி 1895-இல் முடித்தார். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழ வேண்டிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைத் தாண்டி வைகையில் சேர்கிறது. 1959-இல் கட்டிய வைகை அணையில் தேங்கி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று இறங்கி, மிச்சம் இருந்தால் நம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருகிறது. அதையும் மீறி மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று அரசு ஊழியர்களை மிரட்டுவதற்கு நம் மாவட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தக் காட்டுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பிள்ளைகள் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டுமே. ஒன்று மட்டும்: அணையைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். முல்லைப்பெரியாறு அணைக்குப் பொதுமக்களை விடுவதில்லை, சுற்றுலாப் படகும் அங்கே போகாது. ஏரியைத்தான் பார்க்கலாம்.

வழி எளிது. மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி ஆரப்பாளையம் போய்த் தேனி அல்லது குமுளி பஸ். சொந்த வண்டியாக இருந்தால் விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, தேனியில் பசியாறி, சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப். பென்னிகுவிக் மணிமண்டபம் அங்கேதான் இருக்கிறது, பத்து நிமிடம் நில்லுங்கள். மலை ஏறும்போது சரிவில் இறங்குகிற பெரிய குழாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெரியவர் முன் சீட்டில் உட்காரட்டும், கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கட்டும். குமுளி ஊருக்குள் நுழைந்த பிறகு படகுத்துறை காட்டுக்குள் தள்ளி இருக்கிறது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் போக வேண்டும். படகு டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். விலங்கு பார்க்க ஆசை என்றால் முதல் படகு அல்லது கடைசிப் படகு. நடுப்பகல் படகில் வெயிலும் அடுத்தவர் செல்போனும்தான் தெரியும்.

எப்போது என்பதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, பள்ளி விடுமுறையும் அதில் விழுகிறது, வசதிதான். ஆனால் அது அணை வற்றிக் கிடக்கும் காலம், கூட்டம் நெருக்கித் தள்ளும் காலம். ஏப்ரலில் தண்ணீர் தேடி விலங்குகள் கரைக்கு வரும், அது ஒன்றுதான் ஆதாயம். என்னைக் கேட்டால் காலாண்டுத் தேர்வு விடுமுறை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து அணை நிரம்பியிருக்கும், வடகிழக்குப் பருவம் இன்னும் தொடங்கியிருக்காது, மலை முழுவதும் பச்சை. நான்கு நாள் தொழிலை விட வேண்டியிருக்குமே என்பீர்கள். விடலாம், தம்பி. கார்த்திகை முதல் மகர விளக்கு வரை மட்டும் குமுளிச் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். ஐயப்ப பக்தர்கள் வண்டிகளுக்கு நடுவே நீங்கள் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும்.

கூடாரம் விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அணைக்கரையில் நல்ல புல்வெளி தெரிந்தால் அங்கே கூடாரம் அடித்துவிடலாம் என்று. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் இரவு தங்குவது குற்றம். அதோடு அணைக்கரை என்பது யானை தண்ணீர் குடிக்க வருகிற வழி. நீங்கள் படுத்திருப்பது அதன் நடைபாதையில். தீயும் அப்படித்தான். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ந்த புல் காற்றில் பிடித்தால் ஓட முடியாது.

அனுமதியோடு தங்க வழி இருக்கிறது. பெரியார் புலிகள் காப்பகத்தில், ஒரு காலத்தில் வேட்டையாடியும் மரப்பட்டை உரித்தும் பிழைத்தவர்களே இப்போது வழிகாட்டிகளாக இருந்து, காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கிறார்கள். துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவரும் வருவார். அந்தக் காட்டில் எந்த இலை அசைந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும், நம்மவர்கள் நீரின் நிறத்தைப் பார்த்து மீன் சொல்வதுபோல. ஆனால் அது சிறு குழு, பிள்ளைகளுக்கானது அல்ல. பெரியவர்கள் நான்கு பேர் போகலாம். மூங்கில் தெப்பத்தில் போகிற பயணமும் அப்படியே. கொஞ்சம் நடை, கொஞ்சம் துடுப்பு, மோட்டார் சத்தமே இல்லை. இரண்டு தட்டுப் படகைவிட அது எனக்குப் பத்து மடங்கு பிடிக்கும். அதற்கும் வயது வரம்பு பார்க்கிறார்கள்.

குடும்பத்தோடு காட்டுக்குள் இரவு தங்க வேண்டும் என்றால் பரம்பிக்குளம். இடம் கேரளம், ஆனால் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று நம் பக்கமாகத்தான் போகிறது. வனத்துறையே கூடார அறைகளும் மரவீடும் வைத்திருக்கிறது, நீர்த்தேக்கத்தில் தெப்பமும் உண்டு. நமக்குத் தூரம் அதிகம், முன்பதிவு இல்லாமல் போனால் டாப்சிலிப்போடு திரும்ப வேண்டியதுதான். பகலில் மட்டும் போதும் என்றால் காரமடைக்கு மேலே பரளிக்காடு. பில்லூர் அணையின் தேங்கு நீரில் பரிசல், அங்குள்ள பழங்குடி மக்கள் சமைத்துப் போடும் மதியச் சாப்பாடு, சனி ஞாயிறு மட்டும், அதுவும் முன்பதிவில். பரிசலைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, படகின் அடியில் நீளமாக ஓடுகிற ஏராக் கட்டையும் இல்லை. சுற்றும். நம் ஆட்கள் பழக்கத்தில் எழுந்து நின்று சமன் செய்யப் பார்ப்பார்கள், அதுதான் கவிழ்க்கும். அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

கொடைக்கானல் ஏரி 1863-இல் வெட்டியது, அழகுதான், ஆனால் அது ஊருக்கு நடுவே இருக்கிற குளம். மலை அணை என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். மன்னவனூர் ஏரி அதைவிட அமைதி, அங்கும் பரிசல் உண்டு. கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. மூணாறு மாட்டுப்பெட்டியில் விரைவுப் படகு இருக்கிறது. கூச்சல் பிடிக்கும் என்றால் போங்கள்.

தனியார் கூடார முகாம்களில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். மலைப்பகுதியில் ஓர் இடம், பெயர் வேண்டாம். படத்தில் ஏரி தெரிந்தது, போய்ப் பார்த்தால் ஏரி இரண்டு மலை தள்ளி. கூடாரங்களைச் சரிவின் அடியில் வாய்க்கால் போன்ற பள்ளத்தில் அடித்திருந்தார்கள். இரவு பதினொரு மணிக்கு மழை. முதலில் ஒரு மூலை ஈரமானது, பிறகு பாய் மிதந்தது. என் மனைவி அரிசிப் பையைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். விடியும்வரை வண்டிக்குள்தான். அதிலிருந்து எங்கே போனாலும் முதலில் தரையைப் பார்க்கிறேன். புல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது தண்ணீர் ஓடிய வழி. மேட்டில், பட்ட மரத்துக்குக் கீழே இல்லாமல், வாசல் காற்றுக்கு எதிரே இல்லாமல் கூடாரம் இருக்க வேண்டும். நம் கடற்கரை மணலில் முளை நிற்காது, கல்லைக் கட்டிப் புதைப்போம். அங்கே செம்மண்ணில் முளை நன்றாகப் பிடிக்கும், ஆனால் மழையில் நனைந்தால் வெண்ணெயில் குத்திய குச்சி. இரண்டு கயிறு கூடுதலாக எடுத்துப்போங்கள். முடிச்சு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடுத்துப்போக வேண்டியவற்றில் நம் ஊரில் கிடைப்பது ஒன்று: உப்பு. வாலிநோக்கம் உப்பாக இருந்தால் இன்னும் பெருமை. மழைக்காலக் காட்டில் அட்டை கடிக்கும், ஒரு துணியில் உப்பை முடிந்து ஈரமாக்கித் தொட்டால் விழுந்துவிடும். பிய்த்து இழுக்காதீர்கள், புண்ணாகும். எடுத்துப்போகக் கூடாததும் நம் ஊரில் கிடைப்பதுதான்: கருவாடு. வழிச்சாப்பாட்டுக்கு நெத்திலிக் கருவாடு வறுத்துக் கட்டாமல் நம் பெண்கள் வீட்டைவிட்டு இறங்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். மதுரைக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காட்டில் அந்த வாசம் காட்டுப்பன்றிக்குப் போடுகிற விருந்தழைப்பு. எந்தச் சாப்பாட்டையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. தகப்பனாருக்குக் கம்பளி, தலைக்குக் கட்டத் துண்டு, இரவில் எழுந்தால் கையில் டார்ச். ராமநாதபுரத்து வெக்கைக்குப் பழகிய உடம்பு, அந்தக் குளிர் முதல் இரவில் முழங்காலைத்தான் தேடும்.

பிள்ளைகள் துடுப்பே பிடித்ததில்லை என்றால், கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டிப் பக்கம் காரங்காடு போய்வாருங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. லைஃப் ஜாக்கெட்டோடு உட்காரவும், அசையாமல் இருக்கவும் அங்கேயே பழகிவிடுவார்கள். வாரை இறுக்கிக் கட்டிவிட்டுத் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றச் சொல்லுங்கள்.

காலாண்டு விடுமுறைக்குச் சம்மதம் என்றால் ஆகஸ்ட் கடைசியிலேயே பதிவு செய்ய உட்காருங்கள், அடையாள அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிள்ளைகள் நான்கு பேரின் வயதையும், தகப்பனாருக்கு மூட்டுவலி உண்டா என்பதையும் எழுதி அனுப்புங்கள். தெப்பத்தில் யார் ஏறலாம், யார் கரையில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.